மிலிட்டரி சரக்கு

எனக்குக் குடிப்பழக்கம் கிடையாது. ராணுவத்தில் பதினேழு வருஷம் இருந்தும் கிடையாது. இதைச் சொல்லும்போது எதிரில் இருப்பவர் முகத்தில் ஒரு மரியாதை வரும். அதை ரொம்ப காலமாக அனுபவித்து வருகிறேன். "மிலிட்டரிக்காரரு, ஆனா ஒரு சொட்டு தொடமாட்டாரு" என்று தெருப் பையன்களுக்கு என்னைக் காட்டிப் புத்தி சொல்லியிருக்கிறார்கள். நான் தொடாத பாட்டில்கள் எங்கே போயின என்று யாரும் கேட்டதில்லை. வாங்கிக்கொண்டவர்கள் கேட்கவேண்டிய அவசியம் இல்லை. வாங்காதவர்கள் கேட்க நினைக்கவில்லை. நானாகத்தான் சொல்ல வேண்டும்.

ஆரணிக்குப் பக்கத்தில் எங்களுக்கு ஒரு கூலி மில் இருக்கிறது. ஆரணி அரிசி என்றதும் கலர் சார்ட்டர் மெஷினும் லாரி வரிசையும் வைத்த பெரிய ஆலைகள்தான் நினைவுக்கு வரும். எங்களுடையது அந்த ஜாதி இல்லை. குடியானவர்கள் வீட்டில் நெல்லை அவித்து, மொட்டை மாடியிலோ தார் ரோட்டிலோ காயவைத்து, சைக்கிளிலும் டி.வி.எஸ். ஐம்பதிலும் வைத்துக் கொண்டுவருவார்கள். அரைத்துக் கொடுத்துக் கூலி வாங்குவோம். அப்பா எழுபதுகளில் ஹல்லர் போட்டு ஆரம்பித்தார். ஹல்லர் என்பது முரட்டு மெஷின். உமி, தவிடு எல்லாவற்றையும் ஒரே இழுப்பில் உரிக்கும். அரிசியில் நிறைய குருணை விழும். பிறகு ரப்பர் ரோலர் வைத்த ஷெல்லர் வாங்கினார். இரண்டு ரப்பர் உருளைகள் எதிரெதிராகச் சுற்றும். ஒன்று வேகம், ஒன்று மந்தம். அந்த வேக வித்தியாசத்தில் உமி கழன்றுவிடும். இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளியில்தான் வித்தை முழுக்க இருக்கிறது. நெருக்கி வைத்தால் அரிசி நொறுங்கும், தளர்த்தி வைத்தால் நெல்லாகவே கீழே விழும். உருட்டு நெல்லுக்கு ஒரு அளவு, சன்ன ரகத்துக்கு ஓர் அளவு. ரப்பர் தேயத் தேய அதையும் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

அந்த அளவு அண்ணனுக்குத் தெரியும். பெயர் வேண்டாம். அப்பா காலத்து ஆள், மில் டிரைவர் என்று எங்கள் பக்கம் சொல்வோம். நான் பள்ளிக்கூடத்துப் பையனாக இருந்தபோதே அவர் இளந்தாரியாக வேலைக்கு வந்துவிட்டார். மூட்டையைப் பிரித்ததும் ஒரு நெல்லை எடுத்துக் கடைவாயில் வைத்துக் கடிப்பார். 'டக்' என்று உடைந்தால் காய்ச்சல் சரி. நசுங்கினால், "இன்னும் ஒரு வெயில் காட்டிட்டு வாம்மா" என்று திருப்பி அனுப்பிவிடுவார். கூலி போகிறதே என்று அப்பா முணுமுணுப்பார். அண்ணன் அசைய மாட்டார். ஈர நெல்லை அரைத்துக் குருணையாக்கிக் கொடுத்தால் அந்த அம்மா வீட்டில் கஞ்சிதான் என்பார். மெஷின் ஓடும்போது முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்து பீடி பற்றவைப்பார். சத்தம் கொஞ்சம் மாறினாலும் எழுந்துபோய்ச் சக்கரத்தைக் கால் திருகு திருகுவார். நூறு கிலோ நெல்லுக்கு அறுபத்தைந்து கிலோவுக்குக் குறையாமல் அரிசி எடுத்துக் கொடுத்தார் என்றால் அது மெஷினால் மட்டும் ஆன காரியம் இல்லை.

நான் அந்தப் பக்கமே தலைவைக்கவில்லை. தவிட்டுத் தூசியில் மூக்கு அடைத்துக்கொண்டு வாழ்க்கை போய்விடும் என்று பயந்து 1987-ல் ராணுவத்தில் சேர்ந்தேன். வேலூர்ப் பக்கம் அது பெரிய முடிவு ஒன்றும் இல்லை. கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே சொல்கிற பூமி இது. என்னை ஏ.எஸ்.சி.யில் எடுத்தார்கள். சாப்பாடு, எண்ணெய், தளவாடம் கொண்டுபோய்ச் சேர்க்கிற படை. பெங்களூரில் பயிற்சி, பிறகு டிரைவர். முதலில் சக்திமான், அப்புறம் ஸ்டாலியன்.

ஊரில் என்னைக் கார்கில் வீரர் என்பார்கள். 1999-ல் நான் அந்த ரோட்டில் இருந்தது உண்மை. ஸ்ரீநகரிலிருந்து சோஜி லா கணவாய் ஏறி, திராஸ் வழியாக லே போகிற ரோடு. மேலே தோலோலிங் மலையில் எதிரி உட்கார்ந்துகொண்டு ரோட்டைப் பார்த்துக் குண்டு போட்டதால் ராத்திரியில் ஹெட்லைட் போடாமல் ஓட்டினோம். பின்னால் போஃபர்ஸ் பீரங்கிக்கான குண்டுகள், ஒவ்வொன்றும் நாற்பது கிலோவுக்கு மேல். பயந்துகொண்டுதான் ஓட்டினேன். ஆனால் மலை ஏறிச் சண்டை போட்டவர்கள் வேறு. நான் துப்பாக்கி சுட்டதெல்லாம் பயிற்சி மைதானத்தில்தான். ஆகஸ்ட் பதினைந்துக்குப் பள்ளிக்கூடத்தில் மாலை போடும்போது இந்த வித்தியாசத்தை நான் விளக்கியதில்லை. அது சின்னத் தப்பு. அதைச் சொல்ல உட்காரவில்லை.

அந்தக் குளிரில் உயரத்தில் இருக்கும் ஆட்களுக்கு ரம் இஷ்யூ உண்டு. கணக்குப் பார்த்து, மேலதிகாரி முன்னால் அளந்து ஊற்றுவார்கள். குடிக்காத எனக்கும் பங்கு வரும். முதலில் சும்மா கொடுத்தேன். பிறகு ஒரு பஞ்சாபிக்காரர் பதிலுக்கு ஒரு மில்க்மெய்டு டின் கொடுத்தார். அதற்கப்புறம் நான் சும்மா கொடுத்ததே இல்லை. முட்டை, சோப்பு, வண்டி கழுவுகிற முறையை மாற்றிக்கொள்வது, லீவு லிஸ்டில் ஒரு இடம் முன்னால் போவது என்று என் பங்கு ரம் எல்லாவற்றுக்கும் ஆனது. குடிக்காதவன் கையில் இருக்கும் மதுவுக்கு மதிப்பு அதிகம் என்று அங்கே கற்றுக்கொண்டேன். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து 2004-ல் நாயக் ரேங்கில் பென்ஷன் வாங்கிக்கொண்டு ஊருக்கு வந்தபோது, வியாபாரத்தில் எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதான்.

தமிழ்நாட்டில் சில்லறை மதுக்கடைகளை டாஸ்மாக் முழுக்க எடுத்துக்கொண்ட புதிது அது. 2003 கடைசியில் நடந்த மாற்றம். ராணுவக் கேன்டீனில் எங்களுக்கு மாதக் கோட்டா உண்டு. வரிச் சலுகையால் டாஸ்மாக் விலையில் பாதிகூட இருக்காது. சரக்கும் சுத்தமாக இருக்கும் என்று ஊரில் ஒரு நம்பிக்கை. 'பாதுகாப்புப் படையினருக்கு மட்டும்' என்று லேபிளில் அச்சடித்திருக்கும். வெளியே கொடுக்கக் கூடாது, விற்கவே கூடாது, பிடித்தால் கார்டு போய்விடும். இதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். அந்த லேபிளைப் பார்த்துத்தான் வாங்குகிறவர்களுக்குக் கூடுதல் ஆசையே.

விற்பதற்கு எனக்குக் கௌரவம் இடம்கொடுக்கவில்லை. கேன்டீன் வாசலில் பாட்டிலைக் கைமாற்றிவிட்டுப் போகிறவர்களைப் பார்த்து முகம் சுளித்திருக்கிறேன். நான் கொடுத்தேன். லைன்மேனுக்கு ஒன்று, மீட்டர் பார்க்க வருகிறவருக்கு ஒன்று, தவிடு எடுக்கும் வியாபாரிக்குப் பொங்கலுக்கு ஒன்று. ஏதாவது சான்றிதழ் வேண்டுமென்றால் அதற்கும் ஒன்று. ரூபாயை நீட்டினால் லஞ்சம். மிலிட்டரி பாட்டிலை நீட்டினால் "அட, எதுக்கு சார் இதெல்லாம்" என்று சிரித்துக்கொண்டே பைக்குள் போகும். கோட்டா போதாமல் ஆனபோது, கணவன் சிப்பாயாக இருந்து செத்துப்போன பாட்டிகள் பக்கத்து ஊர்களில் இருந்தார்கள், அவர்களுக்கும் கார்டு உண்டு. ஆம்னி வேன் பிடித்துக் கூட்டிப்போவேன். சோப்பு, குக்கர், ஹார்லிக்ஸ் எல்லாம் எடுத்துக் கொடுத்து, மூட்டையைத் தூக்கி வீட்டில் வைத்துவிட்டு வருவேன். அவர்கள் பங்கு பாட்டிலுக்கு அடக்க விலை நான் கொடுத்துவிடுவேன். "பெத்த புள்ளகூட இப்பிடிச் செய்யாது" என்று அவர்கள் சொன்னதை நான் வெட்கமில்லாமல் வாங்கிக்கொண்டேன்.

அண்ணனுக்கு முதல் பாட்டில் கொடுத்தது ஒரு ஆயுத பூஜைக்கு. புது வேட்டி, போனஸ், கூடவே அது. அவர் முன்பும் குடிக்கிறவர்தான். திருவிழா, கறிச்சோறு, சாவு என்றால் குடிப்பார். மறுநாள் காலை ஏழு மணிக்கு மில் வாசலில் நிற்பார். அந்த மட்டில் நின்றிருக்க வேண்டியது.

மின்வெட்டு வந்தது. 2008-லிருந்தே இருந்ததுதான். 2012-ல் எங்கள் பக்கம் ஒரு நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரத்துக்கும் மேல் கரண்ட் இருக்காது. த்ரீ ஃபேஸ் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. எனக்குக் கொஞ்சம் முன்கூட்டித் தெரியும். எப்படித் தெரியும் என்று மேலே சொல்லிவிட்டேன். டீசல் இஞ்சினில் ஓட்டினால் கூலி முழுக்க டீசலுக்கே போய்விடும். அதனால் ராத்திரி ஒரு மணிக்கு வந்தாலும் கரண்டில்தான் ஓட்டுவது என்று முடிவு செய்தேன். சம்பா அறுப்பு முடிந்து மூட்டைகள் வராண்டா வரை அடுக்கியிருக்கும் நேரம். அண்ணன் ராத்திரி முழுக்க மில்லிலேயே கிடக்க வேண்டும். பகலிலும் விட்டு விட்டுக் கரண்ட் வரும், அப்போதும் ஓட்ட வேண்டும்.

ராத்திரி வேலைக்குத் தனிக் கூலி கேட்டார். கேட்டது நியாயமான தொகை. நான் மனசுக்குள் ஒரு கணக்குப் போட்டேன். அந்தக் கூலியைவிட ஒரு ரம் பாட்டிலின் டாஸ்மாக் விலை அதிகம். ஆனால் கேன்டீனில் எனக்கு அடங்குகிற விலை அந்தக் கூலியைவிடக் குறைவு. அவருக்கும் லாபம், எனக்கும் லாபம். "அண்ணே, ரூபாயா தந்தா எங்க போகப்போகுது, கடைக்குத்தானே? அதையே நல்ல சரக்கா தந்துடறேன்" என்றேன். இந்த வாக்கியத்தை நான் வார்த்தை மாறாமல் நினைவில் வைத்திருக்கிறேன். சாமர்த்தியமாகப் பேசிவிட்டதாக அன்றைக்கு நினைத்ததால் மனதில் தங்கிவிட்டது. அவர் சிரித்தார். சரி தம்பி என்றார்.

ரூபாயாகக் கொடுத்திருந்தால் எல்லாம் கடைக்குப் போயிருக்காது. பாதி வீட்டுக்குப் போயிருக்கும். அவருக்குப் பெண் பிள்ளைகள் இரண்டு பேர், பெரியது அப்போது நர்சிங் படிக்க ஆசைப்பட்டது. பாட்டில் வீட்டுக்குப் போகாது. மில்லிலேயே மூட்டை இடுக்கில் இருக்கும். கரண்டுக்காகக் காத்திருக்கும் நேரத்தில் அதுதான் துணை. வெளிக்கடை என்றால் நடக்க வேண்டும், கடை மூடும் நேரம் ஒன்று உண்டு. நான் கொடுத்ததற்கு நேரமும் கிடையாது, தூரமும் கிடையாது.

அண்ணி ஒருநாள் வந்தார். மாவு அரைக்க வருகிற மாதிரி தூக்குச்சட்டியோடு வந்து, கூட்டம் கலையும் வரை நின்றார். "தம்பி, இனிமே அவருக்கு அந்த பாட்டில் குடுக்காதீங்க. குறைச்சலா குடுத்தாலும் சரி, காசா எங்கிட்ட குடுங்க" என்றார். நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்பது யாருக்கும் தெரியும். நான் சொன்னது: "அண்ணி, நான் குடுக்கறது ஒன்னு. மிச்சத்தை அவரே வாங்கிக் குடிக்கிறாரு. அதுக்கு நான் என்ன பண்றது? கட்டுப்பாடு மனுஷனுக்குள்ள இருக்கணும். நான் இத்தனை வருஷம் அது நடுவுலயே இருந்தேன், தொட்டேனா?" அவர் மேற்கொண்டு பேசவில்லை. சட்டியில் மாவு இல்லாமலே திரும்பிப் போனார்.

நிறுத்த முடியாததற்கு எனக்கு ஒரு காரணம் இருந்தது. பாட்டிலை நிறுத்தினால் ராத்திரிக் கூலி கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் அவர் ராத்திரி வர மாட்டார். ரோலர் இடைவெளியைக் காதால் பிடிக்கிற வேறு ஆள் இல்லை. அரசு அரிசி 2011-லிருந்து இலவசமாகவே கிடைத்தது, மிச்சமிருந்தவர்கள் பாக்கெட் அரிசிக்கு மாறிக்கொண்டிருந்தார்கள், கூலி மில்லுக்கு வருகிறவர்கள் வருஷத்துக்கு வருஷம் குறைந்தார்கள். இவை எல்லாம் உண்மைதான். ஆனாலும் ராத்திரிக் கூலி கொடுத்திருந்தால் மில் மூழ்கியிருக்காது. லாபம் கொஞ்சம் குறைந்திருக்கும். அந்த வருஷம் நான் வீட்டுக்கு டைல்ஸ் போட்டேன்.

மின்வெட்டு தளர்ந்த பிறகும் அவருக்குப் பாட்டில் தேவைப்பட்டது. இப்போது பகலிலேயே. முதலில் காலையில் கை நடுங்கும், ஒரு வாய் ஊற்றினால் நிற்கும். பிறகு ரோலர் இடைவெளி தப்ப ஆரம்பித்தது. குருணை கூடியது. மூட்டை பிரித்ததும் நெல்லைக் கடித்துப் பார்ப்பதை விட்டுவிட்டார், வந்ததை அப்படியே கொட்டினார். ஒரு பாட்டி தன் அரிசியைக் கையில் அள்ளி என் மேஜைமேல் கொட்டிவிட்டு, "உங்கப்பா மில்லா இது?" என்று கேட்டாள். அன்றைக்குச் சாயங்காலமே அண்ணனை நிறுத்தினேன்.

எப்படி நிறுத்தினேன் என்பதையும் எழுதத்தான் வேண்டும். மேஜைக்கு எதிரில் நிற்க வைத்தேன். உட்காரச் சொல்லவில்லை. வேலை நேரத்தில் குடிப்பது என்ன ஒழுக்கம் என்று கேட்டேன். ராணுவமாக இருந்தால் இதற்கு என்ன தண்டனை தெரியுமா என்று கேட்டேன். பட்டாளத்தில் எனக்குக் கீழே ஒருவர்கூட இப்படி நின்றதில்லை; நான் டிரைவர், யாரையும் விசாரிக்கிற இடத்தில் இருந்ததில்லை. அந்த அதிகாரத்தையெல்லாம் அவர் மேல் காட்டினேன். அவர் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார். பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடம் என்பதால் பணிக்கொடை என்று சட்டப்படி எதுவும் இல்லை. ஒரு கவரில் கொஞ்சம் பணம் வைத்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு வாசல் வரை போனவர் திரும்பி, "தம்பி, இந்த மாசத்துது?" என்றார்.

கொடுத்தேன்.

அடுத்த வருஷம், 2015-ல், ஒரே பதவிக்கு ஒரே பென்ஷன் கேட்டு டெல்லி ஜந்தர் மந்தரில் முன்னாள் படைவீரர்கள் உட்கார்ந்தார்கள். எங்கள் மாவட்டத்திலும் கூட்டம் போட்டோம். உழைத்ததற்கு உரியதைக் கொடு, தள்ளிப்போடாதே என்று நானும் மைக்கில் பேசினேன். நன்றாகவே பேசினேன். நவம்பரில் உத்தரவு வந்தது, 2014 ஜூலையிலிருந்து கணக்கு. அரியர்ஸ் நான்கு தவணையாக வந்தது. முதல் தவணையில் மில் கூரைக்குப் புது ஷீட் மாற்றினேன். அந்தக் கூரைக்குக் கீழே இத்தனை வருஷம் கிடந்தவர் அப்போது ஊர்க் கடைசியில் ஒரு செங்கல் சூளையில் காவலுக்கு இருந்தார். எனக்குத் தெரியும். அந்த வழியாகத்தான் பாங்குக்குப் போவேன்.

இப்போது மில் வாரத்தில் பாதி நாள் ஓடுகிறது. நெல் குறைச்சல், மிளகாய்த் தூளும் கேழ்வரகு மாவும்தான் அதிகம். ரோலரை நானே வைக்கிறேன், சுமாராக வரும். கேன்டீன் கார்டு இருக்கிறது, போகிறேன். பாட்டில் எடுப்பதில்லை என்று எழுத ஆசைதான். எடுக்கிறேன். யாருக்காவது தேவைப்படுகிறது, நமக்கும் அவர்களிடம் ஏதாவது தேவைப்படுகிறது. பாட்டிகளை மட்டும் கூட்டிப்போவதில்லை. அவர்களில் பாதிப் பேர் இப்போது இல்லை.

அண்ணன் இருக்கிறார். மஞ்சள் காமாலை வந்து ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்த பிறகு குடிப்பதில்லை என்று கேள்வி. இருந்தால்தானே என்று ஊரில் வேறு மாதிரியும் சொல்கிறார்கள். பெரிய பெண் நர்சிங் படிக்கவில்லை. ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் கம்பெனி வேலைக்குப் போய்த் தங்கச்சியைக் கரையேற்றியது.

சில மாதங்களுக்கு முன்னால் அந்தக் காலத்துப் பேரேடுகளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ராத்திரிக் கூலி எவ்வளவு பாக்கி என்று கணக்குப் பார்க்கலாம் என்று. பேரேட்டில் ராத்திரிகளே இல்லை. ரூபாயாகக் கொடுக்காததால் பற்று எழுதவில்லை. அவர் மெஷின் முன்னால் கிடந்ததற்கு என் கணக்கில் ஓர் எழுத்துகூட சாட்சி கிடையாது. பிறகு மின்கட்டண ரசீதுகளையும் அரைத்த மூட்டைக் கணக்கையும் வைத்து உத்தேசமாகப் போட்டேன். தொகை நான் பயந்த அளவுக்குப் பெரிதில்லை. வட்டியும் சேர்த்து பாங்கிலிருந்து எடுத்து ஒரு மஞ்சள் பையில் வைத்தேன்.

அவரைச் சூளையில் போய்ப் பார்த்து, கையில் கொடுத்து, இரண்டு வார்த்தை சொல்லலாம் என்று திட்டம். அவர் என்ன சொல்வார் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். "விடுங்க தம்பி, நீங்களா ஊத்திவிட்டீங்க?" என்பார். அப்பா பேச்சை எடுப்பார். நானும் கண் கலங்கிவிட்டு வந்துவிடலாம். என் மனைவியிடம் இதைச் சொன்னேன். பையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "அவர் கையில குடுக்காதீங்க. அந்த அண்ணிதானே காசா கேட்டாங்க? அவங்க கையில குடுங்க" என்றாள்.

அண்ணி 'விடுங்க தம்பி' என்று சொல்ல மாட்டார். அதனால்தான் பணம் இன்னும் பீரோவில் இருக்கிறது.